கூண்டுக்குள் அருகிவரும் பாலூட்டிகள் இனம்பெருக: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

ஆணையும் பெண்ணையும் ஒரே அடைப்பில் விட்டுக் காத்திருந்தால் குட்டி வந்துவிடும் என்ற நம்பிக்கையோடுதான் பலரும் இந்த வேலைக்கு வருகிறார்கள். சில இனங்களில் அது நடக்கவும் செய்யும். ஆனால் இன்று கூண்டில் காப்பாற்றி வைத்திருக்கும் அரிய பாலூட்டிகளில் நிறைய இனங்கள் அப்படி இல்லை. வருடத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் பருவத்துக்கு வருகிறவை இருக்கின்றன, வாழ்நாள் முழுக்கத் தனியாகவே திரிகிறவை இருக்கின்றன, பிடிக்காத துணையைக் கொன்றே போடுகிறவையும் இருக்கின்றன.

பராமரிப்பாளராகவோ கால்நடை மருத்துவராகவோ மாணவராகவோ இதில் புதிதாக இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜோடி சேர்க்கும் நாள் இந்த வேலையின் நடுவில்தான் வருகிறது. அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் செய்யாமல் விட்டதை அந்த ஒரு நாளில் எந்தத் திறமையாலும் சரிக்கட்ட முடியாது. அதனால் கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒவ்வொரு விலங்கின் முழு வரலாறும் வேண்டும். எங்கே பிறந்தது, தாயிடம் வளர்ந்ததா மனிதர் கையில் வளர்ந்ததா, முன்பு யாரோடு சேர்க்கப்பட்டது, எத்தனை ஈற்று, எத்தனை குட்டி பிழைத்தது, கருத்தடை மருந்து கொடுக்கப்பட்டதா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். "ஆரோக்கியமான பெண், வயது 6" என்று ஒரு வரி வந்தால் திருப்பி அனுப்பிக் கேளுங்கள். கையில் வளர்ந்த விலங்குக்குத் தன் இனத்தோடு பழகவே தெரியாமல் இருக்கலாம், அது முன்கூட்டியே தெரிந்தால் உங்கள் திட்டமே மாறும்.

பக்கத்தில் பக்கத்தில் இரண்டு அடைப்புகள் வேண்டும், நடுவில் வலை, வெளியே இருந்தே இழுத்து மூடக்கூடிய கதவுகள். இரவிலும் தெரிகிற கேமரா, விலங்கு தானாக ஏறி நிற்கக்கூடிய எடை மேடை, சாணத்தை வைக்க ஒரு தனி உறைபெட்டி, ஹார்மோன் அளக்கிற ஆய்வகத்தோடு முன்பேச்சு, மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவர். இவை எல்லாம் பருவம் தொடங்குவதற்குப் பல மாதம் முன்பே தயாராக வேண்டும். கேமராவைப் பிரசவத்துக்கு முந்தைய வாரம் மாட்டப் போனால், அந்த ஏணிச் சத்தமே தாயைக் கலவரப்படுத்தும்.

1. இந்த ஜோடிக்குக் குட்டி வேண்டுமா என்று முதலில் முடிவெடுங்கள்

இதைத் தாண்டிப் போய்விடுகிறவர்கள்தான் அதிகம். இருக்கிற ஆணோடு இருக்கிற பெண்ணைச் சேர்ப்பது எளிது, ஆனால் அவை அண்ணன் தங்கையாகவோ, ஏற்கெனவே நிறைய வாரிசு உள்ள வம்சத்தைச் சேர்ந்தவையாகவோ இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டியும் அந்த இனத்துக்குப் பாரம்தான்.

எனவே முதல் வேலை, அந்த இனத்துக்கான வம்சாவளிப் பதிவேட்டைப் பராமரிப்பவரைத் தொடர்புகொள்வது. பல இனங்களுக்கு உலக அளவிலோ கண்ட அளவிலோ இப்படி ஒருவர் இருக்கிறார். ஒவ்வொரு விலங்கும் மொத்தக் கூட்டத்தோடு சராசரியாக எவ்வளவு நெருங்கிய உறவு என்று கணக்கிட்டு, உறவு குறைந்தவற்றுக்கு முன்னுரிமை கொடுத்து ஜோடியைப் பரிந்துரைப்பார்கள். 100 வருடத்துக்கு 90 சதவீத மரபணுப் பன்மையைக் காப்பது என்பது இந்தத் திட்டங்களில் வழக்கமான இலக்கு.

இதில் புதியவர்களுக்குப் புரியாத ஒரு நுணுக்கம் உண்டு. அரிய வம்சத்து விலங்கை, எங்கும் நிறைந்திருக்கும் வம்சத்தோடு சேர்க்கக் கூடாது. சேர்த்தால் அரிய மரபணுவும் சாதாரண மரபணுவும் ஒரே குட்டிக்குள் பிணைந்துவிடும், அப்புறம் ஒன்றைப் பெருக்காமல் மற்றதைப் பெருக்க வழியில்லை. அரியதை அரியதோடு சேர்ப்பதுதான் முறை.

உறவுக்குள் சேர்ப்பதால் வரும் கேடு வெறும் கருத்து இல்லை. 1979 இல் வெளியான ஓர் ஆய்வில், கூண்டில் வளர்ந்த குளம்புள்ள விலங்குகளில் 16 இனங்களைப் பார்த்தபோது 15 இனங்களில் உறவுக்குள் பிறந்த குட்டிகளே அதிகமாக இறந்திருந்தன. வட அமெரிக்காவின் சிறிய ஊனுண்ணியான, கீரி போல நீண்ட உடலுள்ள கருங்கால் ஃபெரெட்டுகளில் 1980களில் காட்டிலிருந்து கடைசியாகப் பிடிபட்டவை 18, அவற்றில் இன்றைய கூட்டத்துக்கு மரபணு தந்தவை வெறும் 7. இப்படிப்பட்ட இனத்தில் ஒரு ஜோடியைத் தப்பாகத் தேர்ந்தாலும் விலை அதிகம்.

பிறக்கும் குட்டிகளுக்கு இடம் இருக்கிறதா என்பதையும் இப்போதே கேளுங்கள். பால் மறந்த பிறகு எங்கே போகும், யார் ஏற்றுக்கொள்வார்கள் என்று எழுத்தில் இல்லாவிட்டால் தொடங்க வேண்டாம். சட்ட அனுமதிகளும் இந்தப் படியிலேயே முடிய வேண்டும்.

2. இரண்டு விலங்கையும் உள்ளே வரை பரிசோதியுங்கள்

வெளியே பளபளப்பாக இருக்கும் பெண்ணின் கருப்பையில் கட்டி இருக்கலாம். யானை, காண்டாமிருகம் போன்றவற்றில் பெண் விலங்கு பல வருடம் சினை பிடிக்காமலே சுழற்சிக்கு மேல் சுழற்சி ஓடினால் கருப்பையில் நீர்க்கட்டிகளும் தசைக்கட்டிகளும் வருகின்றன, சினைப்பை சீக்கிரம் முதுமை அடைகிறது. "இன்னும் இளசுதானே, பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுவதால் நிரந்தரமாகக் கைவிட்டுப் போன பெண்கள் பல. அதனால் ஸ்கேன் பார்க்காமல் ஜோடி அமைக்காதீர்கள். இளம் பெண்ணுக்கு முதல் ஈற்று தாமதமாகக் கூடாது என்பதைப் பதிவேட்டாளரிடமும் வாதாடிச் சொல்லுங்கள்.

கருத்தடை மருந்து வரலாற்றை விடாமல் தேடுங்கள். தோலுக்கடியில் வைத்த குச்சி மருந்தின் காலம் முடிந்துவிட்டது என்று ஏட்டில் இருக்கும், ஆனால் உடல் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் காலம் விலங்குக்கு விலங்கு மாறும். டெஸ்லோரெலின் என்ற கருத்தடை மருந்து வைத்தவற்றில் இது பெரிய தலைவலி. புரோஜெஸ்டின் வகை (செயற்கைப் பெண் ஹார்மோன்) மருந்து நீண்டகாலம் கொடுக்கப்பட்ட பெரும்பூனைகளுக்குக் கருப்பை நோய் வரும் ஆபத்தும் இருக்கிறது.

ஆணுக்கு விந்துப் பரிசோதனை செய்யலாம், ஆனால் ஒரு மாதிரியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். சிவிங்கிப்புலிகளில் விந்தணுக்களில் சுமார் 70 சதவீதம் உருக்குலைந்திருப்பது சகஜம், அப்படிப்பட்ட ஆண்களும் தந்தையாகின்றன. விந்தணுவே இல்லை என்று வந்தால் கவலைப்படலாம், குறைவு என்று வந்தால் மறுபடி பாருங்கள்.

தடுப்பூசியையும் பெண் சினையாவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். எந்த வகைத் தடுப்பூசி என்பதில் கவனம் வேண்டும். நாய்களுக்குப் பத்திரமான உயிர்க்கிருமித் தடுப்பூசி, 1970களில் கருங்கால் ஃபெரெட்டுகளுக்கு நாய்க்கொள்ளை நோயையே வரவழைத்துக் கொன்றிருக்கிறது.

3. தீனியையும் எடையையும் சரிசெய்யுங்கள்

கூண்டு விலங்குகளில் மெலிந்தவற்றைவிடக் கொழுத்தவையே அதிகம். அதிக கொழுப்பு சுழற்சியைக் குலைக்கும், பிரசவத்தைக் கடினமாக்கும். இனப்பெருக்கக் காலத்துக்கு ஆறு மாதம் முன்பே எடையை மெல்லச் சரிசெய்யத் தொடங்குங்கள். அவசரமாகப் பட்டினி போட்டு இளைக்க வைத்தால் உடல் அதைப் பஞ்சகாலம் என்று எடுத்துக்கொண்டு சுழற்சியையே நிறுத்திவிடும்.

ஊனுண்ணிகளுக்கு எலும்பில்லாத தசைக்கறி மட்டும் போடுவது பழைய தப்பு. அதில் கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். தாய் எப்படியோ சமாளித்துவிடும், வளரும் குட்டிக்குத்தான் எலும்பு வளைந்துபோகும். முழு இரை கொடுக்க முடிந்தால் கொடுங்கள், முடியாவிட்டால் கால்சியம் கலந்து சமன்செய்யுங்கள்.

தாவர உண்ணிகளில் கவனிக்காமல் விடப்படுவது, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் போலவே உடலில் வேலை செய்யும், தீவனத்தில் இருக்கும் தாவரப் பொருட்கள். கூண்டில் பிறந்த தெற்கு வெள்ளைக் காண்டாமிருகப் பெண்கள் சரியாக ஈனாததற்கு சோயாவும் குதிரைமசாலும் நிறைந்த தீவனம் ஒரு காரணம் என்பது ஆய்வுகளில் வெளிப்பட்டது. தீவனப் பையில் இருக்கும் புரதச் சதவீதத்தை மட்டும் பார்த்தால் போதாது, அந்தப் புரதம் எதிலிருந்து வருகிறது என்றும் கேளுங்கள்.

4. இடம்: ஒளிய முடியாத விலங்கு ஈனாது

அடைப்பு எவ்வளவு பெரிது என்பதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன்னால், பார்வையிலிருந்து முழுக்க மறைய முடிகிற இடம் எத்தனை என்று கேளுங்கள். படைச்சிறுத்தைகளின் (clouded leopard) சாணத்தில் அழுத்த ஹார்மோனை அளந்து பார்த்தபோது, மறைவிடமும் ஏறிப்போக உயரமும் உள்ளவை அமைதியாக இருந்தன, பெரிய வேட்டை விலங்குகளைப் பக்கத்தில் வைத்தவற்றுக்கு அழுத்தம் கூடுதலாக இருந்தது. பக்கத்து அடைப்பில் யார் இருக்கிறார்கள், காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்பதெல்லாம் விலங்குக்குப் பெரிய விஷயம்.

அதேபோல யாரோடு வைத்திருக்கிறீர்கள் என்பதும். காட்டில் பெண் சிவிங்கிப்புலி தனியாகத்தான் வாழும். கூண்டில் இரண்டு பெண்களை ஒன்றாக அடைத்தபோது, சண்டை எதுவும் பெரிதாகத் தெரியாவிட்டாலும் சினைப்பைச் செயல்பாடு அடங்கிப்போனது பதிவாகியிருக்கிறது. பிரித்துத் தனியே வைத்ததும் திரும்பியது. ஆண்கள் கதை வேறு, சகோதரர்கள் கூட்டாகவே வாழலாம். டமரின் குரங்குகளில் கூட்டத்தில் மேல்நிலையில் இருக்கும் பெண்தான் பெரும்பாலும் ஈனும், மற்றவை அடங்கியிருக்கும். ஆக, "பெண்ணுக்கு என்ன குறை" என்று மருந்து தேடுவதற்கு முன்னால் அது யாருக்கு அடங்கி வாழ்கிறது என்று பாருங்கள்.

வெளிச்சமும் முக்கியம். பகல் நீளத்தைப் பார்த்துப் பருவத்துக்கு வரும் இனங்களின் அறையில் இரவெல்லாம் விளக்கு எரிந்தால் அவற்றின் நாட்காட்டியே கலைந்துவிடும். காவலுக்காக எரியும் ஒரு விளக்குகூடக் காரணமாகலாம். பூமியின் வடபாதியிலிருந்து தென்பாதிக்கு மாற்றப்பட்ட விலங்குக்குப் பருவம் மாறி அமையக் காலம் கொடுங்கள்.

5. விலங்கைத் தொட்டுப் பழக்குங்கள், பருவத்துக்கு முன்பே

எடை மேடையில் ஏறுவது, வலையோடு பக்கவாட்டில் ஒட்டி நிற்பது, வயிற்றில் ஸ்கேன் கருவியை வைக்க விடுவது, வாலிலோ காதிலோ ரத்தம் எடுக்க விடுவது. உணவைப் பரிசாகக் கொடுத்துப் பொறுமையாக இவற்றைப் பழக்கலாம். ஒவ்வொரு தடவையும் மயக்க ஊசி போட்டால் அழுத்தமும் ஆபத்தும், அதோடு பரிசோதனை முடிவும் மாறும்.

எல்லாவற்றையும் விட, கூப்பிட்டால் தன் அறைக்கு வந்துவிடும் பழக்கத்தைக் கட்டாயம் ஏற்படுத்துங்கள். ஏழாம் படியில் ஒரு உயிர் அதை நம்பித்தான் இருக்கும்.

6. பெண்ணின் சுழற்சியைப் படியுங்கள்

இங்கேதான் அவசரம் அதிகம் கெடுக்கிறது. முழு ஒரு சுழற்சியையாவது, பருவகால இனமென்றால் முழு ஒரு பருவத்தையாவது, ஜோடி சேர்க்காமல் வெறுமனே கவனியுங்கள் என்றால் புதியவர்கள் பொறுமையிழக்கிறார்கள். ஆனால் பெரிய பாண்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒரே ஒரு பருவம், அதில் சினை பிடிக்கும் நேரம் ஒன்று முதல் மூன்று நாள். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் அந்த மூன்று நாளைப் பிடிக்க முடியாது, தவறவிட்டால் அடுத்த வருடம்தான்.

தினமும் ஒரே நேரத்தில், ஒரே படிவத்தில் நடத்தையைக் குறியுங்கள். உருளுதல், கன்னத்தைத் தேய்த்தல், குரல், சிறுநீர் தெளித்தல், பசி குறைதல், ஆண் இருக்கும் பக்கமாகவே நிற்பது. "இன்று கொஞ்சம் வித்தியாசமாக இருந்தது" என்ற குறிப்பு பயன்படாது. எத்தனை தடவை என்று எண்ணி எழுதுங்கள், ஏனென்றால் அடுத்த மாதம் ஒப்பிட உங்களுக்கு எண் வேண்டும். ஆணையும் கவனியுங்கள். பெண் சிவிங்கிப்புலி பருவத்துக்கு வந்ததை நாம் அறியும் முன்னே ஆண் அறிந்து, விட்டுவிட்டு ஒரு விதமாகக் குரைக்கத் தொடங்கிவிடும்.

இதோடு சாணத்தில் ஹார்மோன் அளவு. விலங்கைத் தொடாமலே ஈஸ்ட்ரோஜன், சினையைத் தாங்க உதவும் புரோஜெஸ்டிரோன் இரண்டின் எச்சங்களையும் அளக்கலாம். புதிதாகப் போட்ட சாணத்தையே எடுங்கள், வெயிலிலும் மழையிலும் கிடந்ததில் பாக்டீரியா வேலை செய்து அளவை மாற்றிவிடும். சிறுநீர் கலந்ததை ஒதுக்குங்கள். உள்ளும் புறமுமாகக் கலந்து சிறிதளவு எடுத்து, பெயரும் தேதியும் நேரமும் எழுதி, உடனே மைனஸ் 20 டிகிரியில் உறையவையுங்கள். கூட்டமாக இருப்பவற்றில் யாருடையது என்று தெரிய, ஒன்றின் உணவில் மட்டும் விஷமற்ற நிறப்பொடியோ மினுக்குத் துகளோ கலப்பது எளிய வழி.

இன்று சாணத்தில் தெரிவது இன்றைய ரத்தத்தின் நிலை இல்லை என்பதை மறக்காதீர்கள். குடல் கடந்து வர, இனத்தைப் பொறுத்துச் சில மணி நேரம் முதல் இரண்டு நாள் வரை ஆகும். அதனால் சாண முடிவு சுழற்சியின் வடிவத்தைக் கற்றுக்கொள்ள உதவும், "இன்று சேர்க்கலாமா" என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் தராது. அதற்கு நடத்தையும் வேண்டும், சில இனங்களில் தினசரி ரத்தமும் வேண்டும். கருமுட்டை வெளிவரத் தூண்டும் எல்ஹெச் (LH) ஹார்மோன் யானைகளில் இரண்டு தடவை ஏறும். முதல் ஏற்றத்தில் கருமுட்டை வெளிவராது, சுமார் மூன்று வாரம் கழித்து வரும் இரண்டாவதில்தான் வரும். முதல் ஏற்றத்தைப் பிடித்தவருக்கு நாளைத் துல்லியமாகக் குறித்துவைக்க மூன்று வாரம் கிடைக்கிறது.

இன்னொன்று. இணைசேர்ந்தால்தான் கருமுட்டையை விடும் இனங்கள் உண்டு. சுமத்ரா காண்டாமிருகம் அப்படி என்பது தொடர்ந்து ஸ்கேன் பார்த்த பிறகே தெரிந்தது. அதுவரை இல்லாத சுழற்சியைத் தேடிக் குழம்பியிருந்தார்கள். உங்கள் இனம் எந்த வகை என்று தெரியாமல் வரைபடத்தைப் படிக்காதீர்கள்.

7. அறிமுகம்: வாசனை, பார்வை, தொடுகை, அப்புறம்தான் கதவு

வரிசை இதுதான். முதலில் ஒன்றின் படுக்கையை மற்றதன் அடைப்பில் வையுங்கள், அல்லது இரண்டையும் அடைப்பு மாற்றி விடுங்கள். அடுத்து தூரத்தில் பார்க்க விடுங்கள். பிறகு வலைக்கு இரு பக்கமும். இந்த வலைக் கட்டம்தான் எல்லாவற்றையும் சொல்லும். பெண் வலையோடு ஒட்டிப் படுக்கிறதா, பின்புறத்தைக் காட்டுகிறதா, இரண்டும் வலையருகே நிதானமாகச் சாப்பிடுகின்றனவா? முறைத்தல், பதுங்கி அணுகுதல், வலையில் பாய்தல் இருந்தால் நாள் குறிக்காதீர்கள். ஒரு தடவை நல்லபடி நடந்தது போதாது, தொடர்ந்து பல நாள் வேண்டும்.

கதவு திறக்கும் நாளில் இரண்டுக்கும் தனித்தனியே வயிறு நிறைந்திருக்கட்டும். கூட்டு இடத்தில் உணவு எதுவும் கிடக்கக் கூடாது. மாட்டிக்கொள்ளும்படியான மூலைகளை மரக்கட்டையால் அடையுங்கள், பெண் தப்பிக்க இரண்டு வழியாவது இருக்க வேண்டும். அழுத்தத்தோடு பீய்ச்சும் தண்ணீர்க் குழாய், கார்பன் டை ஆக்சைடு தீயணைப்புக் கருவி, காற்று ஹாரன் கையில் இருக்கட்டும். கதவை இழுக்கும் ஆள் வேறு, முடிவெடுக்கும் ஆள் வேறு, முடிவெடுப்பவர் ஒருவர் மட்டும். மருத்துவர் அங்கேயே இருக்க வேண்டும், ஆனால் வேடிக்கை பார்க்க யாரும் வரக் கூடாது.

கொஞ்சம் உறுமலும் அடியும் இயல்பு. பெரும்பூனைகளில் சேர்ந்து முடிந்ததும் பெண் திரும்பி அறைவது வழக்கம், அதைப் பார்த்துப் பதறித் தண்ணீர் அடிக்கிறவர்கள் நல்ல ஜோடியைக் கெடுத்துவிடுகிறார்கள். கழுத்தையோ தொண்டையையோ கவ்விக்கொண்டு விடாமல் இருப்பது, ஒன்று அசையாமல் கிடந்தும் மற்றது நிறுத்தாமல் இருப்பது, இவற்றுக்கு உடனே தலையிடுங்கள். முதல் சில சந்திப்புகளை நன்றாக இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது.

இனத்துக்கு இனம் இது மாறும் என்பதற்குப் படைச்சிறுத்தையே சாட்சி. வளர்ந்த ஆணையும் பெண்ணையும் சேர்க்கும்போது ஆண் பெண்ணைக் கடித்துக் கொல்வது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. அதனால் ஒரு வயதுக்கு முன்பே ஜோடியாக்கி ஒன்றாக வளர்ப்பது வழக்கமானது. சிவிங்கிப்புலிக்கு இதே முறை ஆகாது, எப்போதும் பக்கத்திலேயே இருக்கும் ஆணிடம் பெண் ஆர்வம் காட்டாமல் போகிறது.

விருப்பம் என்பதை நாம் வசதிக்காக மறந்துவிடுகிறோம். பாண்டாக்களில் 2015 இல் வெளியான ஓர் ஆய்வில், தாங்களாக விரும்பிய துணையோடு சேர்ந்தவை அதிகம் இணைசேர்ந்து அதிகம் ஈன்றன, இரண்டு பக்கமும் விருப்பம் இருந்தபோது பலன் இன்னும் கூடியது. பதிவேட்டாளரிடம் ஒரு பெயருக்குப் பதிலாக இரண்டு மூன்று பெயர்களைக் கேட்டு வாங்குங்கள். அவற்றில் பெண் யாரை ஏற்கிறது என்று வலையருகே பார்த்து முடிவெடுக்கலாம்.

8. சேர்ந்த பிறகு

தேதியையும் எத்தனை தடவை சேர்ந்தன என்பதையும் எழுதிவிட்டு, தனித்து வாழும் இனமென்றால் பிரித்துவிடுங்கள். அடுத்துப் பொய்ச்சினை என்ற குழப்பம் வரும். புரோஜெஸ்டிரோன் ஏறிவிட்டது என்றதும் கொண்டாட வேண்டாம். சிவிங்கிப்புலியில் கரு இல்லாவிட்டாலும் அது ஏறும், சுமார் 55 நாளில் இறங்கிவிடும். உண்மையான சினையில் 90 நாளைத் தாண்டியும் உயர்ந்தே இருக்கும். பாண்டாவில் கரு ஒட்டுவதே தாமதமாவதால் ஹார்மோனை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது, ஸ்கேனில் தெரிய வேண்டும்.

சினை பிடித்துப் பிடித்துக் கலைகிறது என்றால் அதற்கும் வழி இருக்கலாம். அமெரிக்காவின் சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையில் எமி என்ற சுமத்ரா காண்டாமிருகம் ஐந்து தடவை கருவை இழந்தது. அடுத்த சினையில் தினமும் புரோஜெஸ்டிரோன் வகை மருந்து கொடுத்தார்கள், 2001 இல் அந்தலாஸ் என்ற குட்டி பிறந்தது. அந்த இனத்தில் 112 வருடங்களுக்குப் பிறகு கூண்டில் பிறந்த முதல் குட்டி அது. ஒவ்வொரு கலைப்பையும் ஸ்கேனில் பார்த்துப் பதிவு செய்திருக்காவிட்டால் எங்கே கோளாறு என்றே தெரிந்திருக்காது.

9. ஈனும் இடமும் அதற்குப் பிந்தைய நாட்களும்

ஈனும் அறையைப் பல வாரம் முன்பே திறந்துவிடுங்கள். ஒன்றுக்கு இரண்டாக வையுங்கள், ஏனென்றால் ஒன்று பிடிக்காவிட்டால் குட்டியைத் தூக்கிக்கொண்டு போக இன்னொன்று வேண்டும். இருட்டு, சத்தமின்மை, உடலுக்குச் சற்றே பெரிய அளவு. விசாலமான அறை நமக்குத்தான் வசதியாகத் தெரிகிறது. குள்ளப் பன்றி போன்றவற்றுக்குக் கூடு கட்டக் காய்ந்த நீளப்புல் ஏராளமாக வேண்டும், கட்டிய கூட்டை வாங்கி வைத்துப் பயனில்லை.

பிறந்த பிறகு முதல் பத்து நாள் கேமராவை விட்டு நகராதீர்கள், அறைப் பக்கம் போகாதீர்கள். தினமும் வரும் அதே ஆள், அதே நேரம், அதே வாசனை. எடை பார்க்க வேண்டும், பாலினம் பார்க்க வேண்டும், படம் எடுக்க வேண்டும் என்று வரும் எல்லாக் கோரிக்கைக்கும் மறுப்புச் சொல்ல ஒருவரை நியமியுங்கள். சிவப்பு பாண்டா கலவரமானால் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு ஓயாமல் அலையும், நக்கி நக்கியே புண்ணாக்கும். தாய் குட்டியைத் தின்றுவிட்டது என்று வரும் செய்திகளில் பல, ஆள் நடமாட்டத்தில் தொடங்கியவை.

தாய்மை எல்லாவற்றுக்கும் இயல்பாக வந்துவிடுவதில்லை. தங்கச் சிங்க டமரினில், தம்பி தங்கைகளைச் சுமந்து பழகாத இளம் பெற்றோர் தம் முதல் குட்டிகளைச் சரியாகப் பார்ப்பதில்லை. அதனால் அடுத்த ஈற்று வரை மூத்த குட்டிகளைக் குடும்பத்தை விட்டுப் பிரிக்காதீர்கள். இடம் போதவில்லை என்று சீக்கிரம் பிரித்தால், அடுத்த தலைமுறையின் திறமையைச் சேர்த்துப் பிரிக்கிறீர்கள்.

10. கையில் வளர்ப்பது: எப்போது, எப்படி

எந்த நிலை வந்தால் குட்டியை எடுப்போம் என்று பிறப்புக்கு முன்பே எழுதிவையுங்கள். இத்தனை மணி நேரம் பால் குடிக்கவில்லை, உடல் குளிர்ந்துவிட்டது, தாய் தொடவே இல்லை என்ற மாதிரி. எழுதாவிட்டால் இரவு இரண்டு மணிக்குப் பதற்றம்தான் முடிவெடுக்கும், பெரும்பாலும் சீக்கிரமே எடுத்துவிடுவார்கள்.

குளம்புள்ளவற்றுக்குச் சீம்பால்தான் உயிர். முதல் சில மணி நேரத்தில் உள்ளே போக வேண்டும், 24 மணி நேரத்துக்குப் பிறகு குடல் அந்த எதிர்ப்புப் புரதங்களை உள்வாங்காது. பால் மாவு எதுவானாலும் அந்த இனத்தின் பாலோடு ஒப்பிட்டுக் கலக்குங்கள், கரடிப் பாலில் கொழுப்பு மிக அதிகம், பசும்பால் அதற்கு ஈடாகாது. குட்டியைக் கதகதப்பாக்கிய பிறகே பால். குளிர்ந்த உடலில் ஊற்றிய பால் செரிக்காது, நுரையீரலுக்கும் போகும். ஒவ்வொரு தடவையும் ஈரத்துணியால் வருடி மலம் சிறுநீர் கழிக்க வையுங்கள்.

இரட்டைக் குட்டிகளில் ஒன்றைப் பாண்டா தாய் கைவிட்டுவிடும். இரண்டையும் மாற்றி மாற்றித் தாயிடமும் இன்குபேட்டரிலும் வைக்கும் முறை நிறையக் குட்டிகளைக் காப்பாற்றியது. முழுக்கக் கையில் வளர்ப்பதைவிட இப்படிப் பகிர்ந்துகொள்வது எப்போதும் மேல். முடியாதபோது, கூடிய சீக்கிரம் தன் இனத்தோடு சேருங்கள். மனிதரை மட்டும் பார்த்து வளர்ந்த குட்டி பிழைக்கும், ஆனால் பெரிதானதும் துணையைக் கண்டு விலகும்.

11. செயற்கைக் கருவூட்டலும் உறைவிந்தும்

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஆறாம் படி தெரியாமல் கருவூட்டல் செய்தால் விந்து வீண், பெண்ணுக்கு ஒரு மயக்க ஊசி மிச்சம். சுழற்சி கையில் வந்த பிறகு இது அருமையான கருவி. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் சேமித்த விந்து, கருங்கால் ஃபெரெட்டில் 20 வருடம் வரை கழித்தும் குட்டி தந்திருக்கிறது. 1988 இல் உறைய வைத்த செல்லிலிருந்து குளோனிங் மூலம் எலிசபெத் ஆன் என்ற கருங்கால் ஃபெரெட் 2020 டிசம்பரில் பிறந்தது. சிவிங்கிப்புலியில் சோதனைக்குழாய்க் கருத்தரிப்பில், வாடகைத்தாய் வயிற்றில் 2020 பிப்ரவரியில் இரண்டு குட்டிகள் பிறந்தன.

இப்போதே எல்லோரும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்களிடம் இறக்கும் ஒவ்வொரு வளர்ந்த ஆணிடமிருந்தும் விந்தை மீட்கவும், ஒவ்வொரு விலங்கின் தோல் துணுக்கைச் சேமிக்கவும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவையுங்கள். இறந்த பிறகு போன் போட்டு ஆள் தேடினால் நேரம் போய்விடும்.

12. பருவம் தோற்றால் எந்த வரிசையில் தேடுவது

சேரவே இல்லையா? நான்காம், ஏழாம் படிகளுக்குத் திரும்புங்கள், பெரும்பாலும் இடமோ துணையோதான் காரணம். சேர்ந்தும் சினையில்லையா? ஆறாம் படியின் நேரக்கணக்கு, பிறகு ஆணின் விந்து, பிறகு பெண்ணின் கருப்பை. சினையாகிக் கலைந்ததா? தொற்று, தீனி, ஹார்மோன், உறவு நெருக்கம். பிறந்து இறந்ததா? ஒன்பதாம் படியின் கேமராப் பதிவை முதலிலிருந்து கடைசி வரை பாருங்கள். ஒரே பருவத்தில் நான்கைந்தை மாற்றிவிடாதீர்கள், அடுத்த தடவை பலித்தால் எது பலித்தது என்று தெரியாது.

இறந்த ஒவ்வொரு குட்டியையும், எவ்வளவு சிறியதானாலும், உடற்கூறாய்வுக்கு அனுப்புங்கள். குளிர்பெட்டியில் 4 டிகிரியில் வையுங்கள், உறைய வைக்க வேண்டாம், உறைந்தால் திசுக்கள் சிதைந்து நுண்ணோக்கியில் எதுவும் தெரியாமல் போகும். நஞ்சுக்கொடி கிடைத்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். முடிவு வந்ததும், நல்லதோ கெட்டதோ, பதிவேட்டாளருக்கு உடனே எழுதுங்கள். அடுத்த பருவத்துக்கான ஜோடிப் பட்டியலை அவர் அதை வைத்துத்தான் போடுவார்.